பூனை வீட்டைத்தான் சுத்துமா?

போன வாரம் சென்னையிலிருந்து ஒரு தம்பி போன் பண்ணியிருந்தார். நான் எழுதுவதை ரொம்ப நாளாகப் படிக்கிறவர். வாழைக்கு என்ன விலை போகுது, ஆத்துல தண்ணி வருதா என்று வழக்கமாக விசாரிப்பார். இந்தத் தடவை குரல் கொஞ்சம் தயங்கியது.

"அண்ணாச்சி, வீடு மாத்துறோம். இப்ப இருக்கிறது தரை வீடு. போறது அடுக்குமாடி, மூணாவது மாடி. எங்ககிட்ட ஒரு பூனை இருக்கு. வீட்டுக்குள்ள சாப்பிடும், வெளியில சுத்தும், ராத்திரி மதில் மேல படுத்துக்கும். அக்கம்பக்கத்துல எல்லாரும், 'பூனை ஆளைச் சுத்தாது, வீட்டைத்தான் சுத்தும், விட்டுட்டுப் போங்க'ன்னு சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

"கூட்டிட்டுப் போங்க தம்பி"ன்னு சொன்னேன். ஏன் என்று கேட்டார். அதற்குள் மும்முனை கரண்ட் வந்துவிட்டது, மோட்டார் போட ஓடவேண்டியதாப் போச்சு. போனில் விட்ட பதிலை இங்கே எழுதுகிறேன். அவரைப் போல இன்னும் நிறையப் பேர் இருப்பீர்கள். வாடகை வீடு மாறுகிறவர்கள், ஊரில் இருக்கிற அப்பா அம்மாவை நகரத்துக்குக் கூட்டிப் போகிறவர்கள், எல்லாருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும்.

முதலில் என் தப்பைச் சொல்லிவிடுகிறேன்.

நான் பத்தாவது படிக்கும்போது எங்கள் குடும்பத்தில் பாகப்பிரிவினை ஆச்சு. தாத்தா காலத்து வளவு வீட்டை விட்டு ஆத்தங்கரைப் பக்கம் ஒரு ஓட்டு வீட்டுக்கு வந்தோம். ரெண்டுக்கும் நடுவில் ரெண்டு தெருதான். மாடு, கோழி, நெல்லு மூடை, உரல், அம்மி எல்லாம் வண்டியில் ஏறிச்சு. சாம்பல் நிறத்தில் ஒரு பூனை இருந்தது, அது மட்டும் ஏறவில்லை. அப்பா சொன்னாவ, "பூனை வீட்டைத்தான் சுத்தும், அதை விடுல. எலி பிடிச்சுத் தின்னுக்கிடும்." எனக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

பத்து நாள் கழித்து, மறந்துபோன அருவாமனையை எடுக்க அம்மா என்னை அனுப்பினாள். பூட்டின கதவுக்கு முன்னாடி திண்ணையில் அது உட்கார்ந்திருந்தது. விலா எலும்பு தெரிந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து வந்து காலைச் சுத்திச் சுத்தி உரசியது. நான் கதவைத் திறந்ததும் எனக்கு முன்னாடி உள்ளே ஓடி, நேராக அடுக்களைக்குப் போய், அதன் சட்டி இருந்த இடத்தில் போய் நின்றது. சட்டி இல்லை. நான் அருவாமனையை எடுத்துக்கொண்டு, அதை வெளியில் விட்டு, கதவைப் பூட்டிக்கொண்டு வந்துவிட்டேன். தூக்கிட்டு வரணும்னு தோணவே இல்லை. பூனை வீட்டைத்தானே சுத்தும். அடுத்த வாரம் போனபோது திண்ணை காலி. அதுக்கப்புறம் யாரும் அதைப் பார்க்கவில்லை.

அது அந்த வீட்டைச் சுத்தியது நிஜம். எதற்காகச் சுத்தியது என்பதைத்தான் நாங்கள் யாரும் யோசிக்கவில்லை.

இப்போது எங்கள் ஊர்த் தெருக்களில் நடந்தால் இந்தக் காட்சி அடிக்கடி கண்ணில் படும். ஆழ்வார்திருநகரி என்றால் உங்களுக்கு நம்மாழ்வாரும் உறங்காப்புளியும் நவதிருப்பதியும் ஞாபகம் வரும். கோயிலைச் சுத்தின தெருக்களில் எத்தனை வீடு பூட்டிக் கிடக்கிறது என்பது உற்சவத்துக்கு மட்டும் வருகிறவர்களுக்குத் தெரியாது. பிள்ளைகள் சென்னை, பெங்களூர், துபாய் என்று போனார்கள். பின்னாலேயே வயசான தாய் தகப்பனையும் கூட்டிப்போனார்கள். கேஸ் சிலிண்டரைத் திருப்பிக் கொடுத்தாச்சு, பால்காரருக்குக் கணக்கு முடிச்சாச்சு, துளசி மாடத்தைப் பக்கத்து வீட்டில் சொல்லியாச்சு. பூனையைப் பற்றி யாரும் யாரிடமும் சொல்லுவதில்லை. தினமும் காலையில் பால் ஊத்தின கை போய்விட்டது. அது மட்டும் அதே நேரத்துக்கு வந்து அதே படியில் உட்கார்ந்திருக்கும்.

"அது எலி பிடிச்சுப் பிழைச்சுக்கும்" என்பது அடுத்த சமாதானம். நான் வயலில் கிடக்கிறவன், சொல்லுகிறேன். ஆள் குடியிருந்து நெல்லும் பருப்பும் புழங்குகிற வீட்டில்தான் எலி வரும். அடுப்பு அணைந்த வீட்டில் எலிக்கும் வேலை இல்லை. வயலில் எலி உண்டு, ஆனால் அங்கே நாயும் கீரியும் பாம்பும் உண்டு, வரப்பில் எலி மருந்தும் உண்டு. பத்து வருசம் தட்டில் சோறு தின்ன பூனை ஒரே ராத்திரியில் காட்டுப்பூனை ஆகிவிடாது.

சட்டமும் ஒன்று இருக்கிறது. 1960ஆம் வருசத்து மிருகவதைத் தடுப்புச் சட்டம், 11ஆவது பிரிவு. பசியிலும் தாகத்திலும் தவிக்கிற மாதிரி ஒரு விலங்கை நியாயமான காரணம் இல்லாமல் கைவிட்டுப் போவது குற்றம் என்று அதில் தெளிவாக இருக்கிறது. முதல் தடவைக்கு அபராதம் 10 ரூபாயிலிருந்து 50 ரூபாய் வரை. ஒரு டீயும் வடையும் சாப்பிடுகிற காசு. அபராதத்துக்குப் பயந்து யாரும் பூனையைத் தூக்கிக்கொண்டு போகப்போவதில்லை. ஆனாலும் நாம் "இயற்கை" என்று பேர் சொல்லிச் செய்கிற காரியத்துக்கு, 60 வருசத்துக்கு முன்னாலேயே சட்டத்தில் வேறு பேர் வைத்திருக்கிறார்கள்.

சரி, பூனை ஆளைச் சுத்தாதா? 2019ல் அமெரிக்காவில் ஓரிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஒரு சோதனை செய்தார்கள். பூனைக்குட்டியையும் அதை வளர்க்கிறவரையும் புது அறையில் ரெண்டு நிமிசம் விடுவது, பிறகு ஆள் மட்டும் வெளியே போவது, ரெண்டு நிமிசம் கழித்துத் திரும்ப வருவது. கைக்குழந்தைகளுக்குச் செய்கிற அதே மாதிரிச் சோதனை. ஆள் திரும்பி வந்ததும் பயம் தெளிந்து அறையைச் சுத்திப் பார்க்கக் கிளம்பிய குட்டிகள் நூத்துக்கு 64. குழந்தைகளிலும் கிட்டத்தட்ட அதே கணக்குதான். புது இடத்தில் தெரிந்த ஆள் ஒருத்தர் இருந்தால் பூனைக்கும் தைரியம் வருகிறது என்று அர்த்தம். வீடு மாறுகிறவர்களுக்கு இதைவிட நல்ல சேதி வேறு இல்லை.

இன்னொன்றும் உண்டு. சைப்ரஸ் தீவில் 9,500 வருசத்துக்கு முந்தின ஒரு புதைகுழியைத் தோண்டி எடுத்தார்கள். 2004ல் அந்தச் சேதி வெளியானது. ஒரு மனிதரின் எலும்புக்கூடு, அதற்கு ஒரு முழம் தள்ளி ஒரு பூனையின் எலும்புக்கூடு. சைப்ரஸ் தீவில் தானாக வாழ்ந்த பூனை கிடையாது. அப்படியென்றால் யாரோ ஒரு விவசாயக் குடும்பம் கடலைத் தாண்டிப் போகும்போது தானியத்தோடும் ஆட்டோடும் பூனையையும் தோணியில் ஏத்திக்கொண்டு போயிருக்கிறது. மனிதனோடு பழகிய பூனை என்று நமக்குத் தெரிந்ததில் மிகப் பழையது, வீடு மாறிப்போன பூனை.

அவ்வளவு தூரம் ஏன் போகணும். நம்ம ஊரிலேயே "குட்டி போட்ட பூனை ஏழு வீடு மாத்தும்" என்று சொல்லுகிறோமே. ஒரு வாயால் பூனை வீட்டை விட்டு வராது என்கிறோம், அதே வாயால் ஏழு வீடு மாத்தும் என்கிறோம். தாய்ப்பூனை எப்படி மாத்துகிறது என்று பார்த்திருக்கிறீர்களா? முதலில் தனியாகப் போய் இடத்தைப் பார்த்து வரும். பிறகு ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்வித் தூக்கிக்கொண்டு போகும். குட்டி காலை மடக்கிக்கொண்டு சும்மா தொங்கும்.

எங்கள் ஊர் மணவாள மாமுனிகள் அவதரித்த ஊர். தென்கலை வைணவர்கள் இதையே மார்ஜார நியாயம் என்று சொல்லுவார்கள். பூனை தன் குட்டியைத் தூக்குவது போல பகவானே நம்மைத் தூக்கிக்கொள்வான், பொறுப்பு அவனுடையது என்பது அதன் கருத்து. இன்னொன்று மர்க்கட நியாயம். குரங்குக்குட்டி தானே தாயின் வயித்தை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும், பிடி குட்டியுடையது. எது சரி என்று ஆச்சாரியர்கள் நூத்தாண்டுக் கணக்கில் விவாதித்திருக்கிறார்கள், எனக்கு அதில் சொல்ல ஒன்றும் இல்லை. ஆனால் பூனையோடு வீடு மாறும்போது நாம் குரங்குக் கணக்கைப் போடுகிறோம். "வந்தா வரட்டும், இல்லேன்னா விடு" என்கிறோம். பிடித்துக்கொண்டு வர அதற்குத் தெரியாது. தூக்குகிற வேலை நம்முடையது.

இதையெல்லாம் தெரிந்துகொண்ட பிறகாவது நான் ஒழுங்காகச் செய்தேனா என்றால், இல்லை. அந்தக் கதை இனிமேல்தான்.

2023 டிசம்பர் 17, 18 வெள்ளத்தை நீங்கள் டிவியில் பார்த்திருப்பீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் மழை. எங்களுக்கு மேற்கே ஸ்ரீவைகுண்டத்தில் 62. திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குக் கிளம்பிய ரயில் ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனிலேயே சுமார் 800 பயணிகளோடு மாட்டிக்கொண்டது. தாமிரபரணி எங்கள் ஓட்டு வீட்டுக்குள் நெஞ்சு உயரத்துக்கு வந்துவிட்டது. மாட்டை அவிழ்த்து விட்டோம், அம்மாவைத் தோளில் தூக்கிக்கொண்டு சொந்தக்காரர் மாடி வீட்டுக்குப் போனோம். செம்பனைத் தேடினேன், காணோம். செம்பன் எங்கள் கடுவன் பூனை, செம்மண் நிறம், அப்போது மூணு வயசு. மூணாம் நாள் சேத்தில் இறங்கி வந்து பார்த்தால் பின்சுவர் சரிந்து கிடக்கிறது, ஓட்டு மேல் அவன் உட்கார்ந்திருக்கிறான். நனைந்து எலி மாதிரி ஆகியிருந்தான். என்னைப் பார்த்துக் கத்தினான் பாருங்கள், அப்படி ஒரு கத்து. எம் பொண்ணு அன்னைக்குத்தான் முதல்தடவையாகச் சிரித்தாள்.

கொஞ்ச நாள் ஒட்டுப்போட்டு அதே வீட்டில் இருந்தோம். அடுத்த ஆவணியில் திருச்செந்தூர் ரோட்டுக்குத் தெற்கே, மேட்டுப்பாங்கான இடத்தில் ஒரு வீட்டுக்கு மாறினோம். பழைய வீட்டிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் இருக்கும். நடுவில் வாய்க்கால், பிறகு பஸ்ஸும் லாரியும் பறக்கிற ரோடு.

இந்தத் தடவை பூனையை விடுகிறதாக இல்லை. சாமான் எல்லாம் ஏத்தி முடித்ததும் செம்பனைப் பிடித்து உரச்சாக்கில் போட்டு, வாயைக் கட்டி, பைக்கில் வைத்துக்கொண்டு போனேன். போகிற வழியெல்லாம் சாக்கு துள்ளியது. கையில் ரெண்டு இடத்தில் ஆழமாகக் கீறிவிட்டான். புது வீட்டு முற்றத்தில் அவிழ்த்துவிட்டு, "இதுதாண்டே நம்ம வீடு, பாத்துக்க"ன்னு சொன்னேன். அவன் வீட்டைப் பார்க்கவே இல்லை. சுவரில் ஒரு தாவு, அடுத்த நிமிசம் ஆள் இல்லை.

கீறலுக்குச் சோப்புப் போட்டுக் கால்மணி நேரம் கழுவி, அரசு ஆஸ்பத்திரிக்குப் போய் ஊசி போட்டேன். நம்ம வீட்டுப் பூனைதானே என்று நிறையப் பேர் விட்டுவிடுகிறார்கள். வெளியில் சுத்துகிற பூனை எந்த நாயோடு சண்டை போட்டதோ யாருக்குத் தெரியும். வெறிநோய் வந்தபிறகு பிழைக்க வைக்க மருந்து கிடையாது. பூனைக்கும் அந்தத் தடுப்பூசி வருசா வருசம் போடணும்.

ரெண்டு நாள் தேடினோம். மூணாம் நாள் பழைய வீட்டுக்குப் பக்கத்து வீட்டு ஆச்சி போன் பண்ணினாவ. "எய்யா, ஒம் பூனை இங்கன செவுத்து மேல இருக்கான். காலுல லேசா அடி. சோறு போட்டேன், தின்னான்." அந்த ரோட்டை எப்படித் தாண்டினான் என்று நினைத்தால் இன்னமும் வயித்தைக் கலக்குது.

கூட்டி வந்தேன். நாலு நாள் கழித்து மறுபடி போய்விட்டான். மறுபடி ஆச்சி போன், மறுபடி சோறு. அப்போதுதான் எனக்கு உறைத்தது. அவனுக்கு அந்தப் பக்கம் இன்னும் ஒரு தட்டு இருக்கிறது. தட்டு இருக்கிற வரைக்கும் அது வீடுதான். ஆச்சியிடம் போய் உட்கார்ந்து, "ஆச்சி, இனிமே அவனுக்குச் சோறு போடாதீய"ன்னு கேட்டேன். அந்த வார்த்தையைச் சொல்வதற்குள் எனக்கு நாக்கு வறண்டுவிட்டது. வெள்ளத்தில் அவுக வீட்டிலும் எல்லாம் போயிருந்தது. தனியாக இருக்கிறாவ.

"ஒரு வா சோறு போட்டா நான் கொறஞ்சா போயிருவேன்?"

"அது இல்ல ஆச்சி. நீங்க போடுதியன்னுதான் ரோட்டத் தாண்டி வாரான். ஒருநாள் லாரியில அடிபட்டா யாருக்கு மனசு தாங்கும்?"

கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, "வந்தா கதவச் சாத்திக்கிடுதேன். ஒனக்குப் போன் போடுதேன், நீ ஒடனே வந்து எடுத்துட்டுப் போயிரு. அவன் கத்துறத நான் கேட்டுக்கிட்டு இருக்க முடியாது"ன்னாவ.

அதுக்கப்புறம்தான் முறையாகச் செய்தேன். ராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் காட்டி, கடுவனுக்குக் குடும்பக்கட்டுப்பாடு ஆபரேஷனும் செய்தேன். அது ஆனால் பொட்டைப்பூனையைத் தேடி ஊர் சுத்துவது குறையும், சண்டையும் குறையும். வந்தபிறகு 22 நாள் ஒரே அறையில் வைத்திருந்தேன். என்ன செய்தேன் என்று வரிசையாகச் சொல்லுகிறேன், உங்களுக்கு உதவும்.

சாக்கு கூடாது. காத்துப் போகிற மூடி போட்ட கூடை, இல்லையென்றால் கடையில் விற்கிற பிளாஸ்டிக் கூண்டு. மாறுவதற்கு ஒரு வாரம் முன்னாலேயே அதை வீட்டில் திறந்து வைத்து அதற்குள் சோறு வைக்கணும். கூண்டு அதற்குப் பழகின இடமாக ஆகிவிட வேண்டும். கழுத்தைக் கவ்வித் தூக்குவதெல்லாம் தாய்ப்பூனை குட்டிக்குச் செய்கிற வேலை. வளர்ந்த பூனையை நாம் அப்படித் தூக்கக்கூடாது, வலிக்கும். நெஞ்சுக்கும் பின்காலுக்கும் கை கொடுத்துத் தூக்கணும். சாமான் ஏத்துகிற அன்றைக்குக் காலையிலேயே ஒரு அறையில் பூட்டி வைத்துவிட வேண்டும். ஆள் நடமாட்டத்தில் மிரண்டு ஓடினால் அன்று முழுக்கத் தேட வேண்டியதுதான்.

புது வீட்டில் முதலில் ஒரே அறை. அதில் அது படுத்த பழைய சாக்கு, பழைய சட்டி, ஒரு தட்டில் ஆத்து மணல். சாக்கைத் துவைத்துவிடாதீர்கள். எங்கள் வீட்டில் துவைக்கத்தான் எடுத்தாள், நான் பிடுங்கி வைத்தேன். பூனைக்கு வீடு என்றால் வாசனைதான். கன்னத்திலும் உள்ளங்காலிலும் அதற்கு வாசனைச் சுரப்பிகள் உண்டு, கன்னத்தை உரசி உரசித்தான் "இது என் இடம்" என்று முத்திரை போடும். ஒரு துணியால் செம்பன் கன்னத்தைத் துடைத்து, அதே துணியை அவன் உயரத்துக்குக் கதவு நிலை, கட்டில் கால் எல்லாவற்றிலும் தேய்த்தேன். எம் பொஞ்சாதி தலையில் அடித்துக்கொண்டாள். நாலாம் நாள் அவனே அந்த நிலையில் கன்னத்தை உரசினான்.

குப்பைமேனி உங்களுக்குத் தெரியும். அதற்கு இன்னொரு பேர் பூனைவணங்கி. வெளிநாட்டில் பூனைக்கென்று ஒரு செடியைக் காயவைத்துப் பாக்கெட்டில் விற்கிறார்கள், ஆன்லைனில் இங்கேயும் வாங்குகிறார்கள். நம்ம வாசலில் முளைக்கிற குப்பைமேனியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் போதும். பூனை மோந்து பார்த்து, உரசி, உருண்டு, தனி உலகத்துக்குப் போய்விடும். சும்மா மோந்து விளையாடத்தான், தின்னக் கொடுக்க வேண்டாம். பயந்துபோய்க் கட்டிலுக்கு அடியிலேயே கிடந்தவனை வெளியே வரவைத்தது அந்த வேர்தான்.

சோறு வேளாவேளைக்கு. ஒவ்வொரு தடவையும் தட்டில் கரண்டியால் மூணு தட்டு தட்டி, பிறகு சாளை மீனோ சோறோ வைப்பேன். சத்தம் கேட்டால் சாப்பாடு என்று பழகிவிட்டது. முதல்தடவை வெளியில் விடும்போது வெறும் வயிறாக இருக்கணும், காலை நேரமாக இருக்கணும், கதவு திறந்தே இருக்கணும். கால்மணி நேரத்தில் கரண்டியைத் தட்டினேன், வந்துவிட்டான். மறுநாள் அரை மணி. இப்படிப் பைய பையக் கூட்டினேன். மூணு வாரம் என்பது குறைந்த கணக்கு. மிரண்ட பூனைக்கு இன்னும் அதிகமாகும், அவசரப்படக்கூடாது.

வெளியில் விடும் முன்னால் நான் செய்த இன்னொரு காரியம், சுத்துப்பட்ட தோட்டக்காரர்கள் எல்லாரிடமும் போய், "எலி மருந்து வைக்கீயளா"ன்னு கேட்டது. ஜிங்க் பாஸ்பைடு வைப்பார்கள், புரோமாடியோலோன் கேக்கும் வைப்பார்கள். மருந்து தின்ன எலியைத் தின்றாலும் பூனைக்கு ஆபத்து. நானும் ஒருகாலத்தில் வைத்தவன்தான். நகரத்தில் இருக்கிறவர்களும் புது அடுக்குமாடியில் காவலாளியிடமோ சங்கத்திலோ கேளுங்கள். அங்கேயும் வைக்கிறார்கள்.

இனி அந்தத் தம்பியின் மூணாவது மாடிக்கு வருகிறேன். மதில் மேல் படுத்துப் பழகிய பூனையை மாடிக்குள் வைப்பது கொடுமை இல்லையா என்பது நியாயமான கேள்வி. சின்ன வயசுப் பூனை பழகிக்கொள்ளும். ஜன்னலுக்கும் பால்கனிக்கும் வலை கட்டாயம் போடணும், மாடியிலிருந்து விழுந்தால் பூனைக்கும் எலும்பு முறியும். வெயில் படுகிற ஒரு ஜன்னலும், ஏறிப் படுக்க உயரமான ஒரு பலகையும், தினம் கொஞ்ச நேரம் விளையாட்டும் வேண்டும். முதல் ரெண்டு வாரம் கத்தும். பக்கத்து வீட்டில் முன்னாலேயே சொல்லி வைத்துவிடுங்கள்.

ஆனால் பத்துப் பன்னிரண்டு வருசம் வெளியிலேயே சுத்தின கிழட்டுப் பூனை, பிடித்தால் நடுங்குகிறது, அடைத்தால் தின்ன மாட்டேன் என்கிறது என்றால், அதை இருக்கிற இடத்திலேயே விடுவதுதான் நல்லதாகவும் இருக்கலாம். இதை நான் மறுக்கவில்லை. ஒரே நிபந்தனை, "விடுவது" வேறு, "ஒப்படைப்பது" வேறு. ஒரு ஆள் பேர் சொல்லி, "நான் பார்த்துக்கிடுதேன்" என்று ஒத்துக்கொள்ளணும். நீங்கள் கிளம்புவதற்கு ஒரு மாசம் முன்னாலிருந்தே அவர் கையால் சோறு விழணும். தடுப்பூசி போட்டு, கருத்தடை செய்து கொடுக்கணும். மாசாமாசம் தீனிக்குக் காசு அனுப்பணும், போன் போட்டு விசாரிக்கணும். இதையெல்லாம் செய்தால் பூனை அந்த இடத்தைச் சுத்திக்கொண்டு நல்லபடியாக இருக்கும். தெருவில் யாராவது போடுவார்கள் என்றால், அந்த யாராவது யார் என்று சொல்ல முடியணும்.

பூனை வீட்டைத்தான் சுத்தும் என்பது பாதி சரி. வாசனையும் தட்டும் பழகின காலடிச் சத்தமும் சேர்ந்ததைத்தான் அது வீடு என்கிறது. அவை எல்லாம் நம்மோடு வண்டியில் ஏறிப் போய்விட்டால், மிச்சம் இருப்பது செங்கல்லும் பூட்டும். புது இடத்தில் பழையபடி வீடாக அதற்குத் தெரிய மூணு வாரம் ஆகிறது. அந்த மூணு வாரம் மெனக்கெட மனசு இல்லாதபோதுதான் நமக்கு இந்தப் பழமொழி ஞாபகம் வருகிறது. திண்ணையில் நின்ற அந்தச் சாம்பல் பூனையை விட்டு வந்தபோது எனக்கும் அதுதான் ஞாபகம் வந்தது.

செம்பன் இப்போது எங்கே என்று கேட்பீர்கள். இதை எழுதும்போது வாழைத்தார் மறைக்கிற சாக்குக் குவியல் மேல் தூங்குகிறான். பழைய வீட்டுப் பக்கம் போய் ஒரு வருசத்துக்கு மேல் ஆகுது. ஆச்சிதான் அவனைப் பார்க்க வாராவ. வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போய்விட்டு மினி பஸ்ஸில் ரோட்டில் இறங்கி, கையில் ஒரு பொட்டலத்தோடு மெல்ல நடந்து வருவாவ. போன வாரம் கூட வந்து, திண்ணையில் உட்கார்ந்து, "நான் கதவச் சாத்துனத மறந்துட்டானா இல்லியா தெரியல"ன்னு சொல்லிக்கொண்டே பொட்டலத்தைப் பிரித்தாவ. அவன் மடியில் ஏறிப் படுத்துக்கொண்டான்.

தம்பி, வீடு மாறும் தேதியைச் சொல்லுங்கள். குப்பைமேனி வேர் கூரியரில் அனுப்பி வைக்கிறேன்.